மேட்டுப்பாத்தியைச் சூறையாடுவது எது? தடயத்திலிருந்து தீர்வுக்கு

காலையில் மேட்டுப்பாத்திக்கு, பலகைச் சட்டத்துக்குள் மண் நிரப்பி உயர்த்திய பாத்திக்கு, போகிறீர்கள். நேற்று மாலை நீர் ஊற்றியபோது நிமிர்ந்து நின்ற அவரை நாற்றுகளில் நான்கைக் காணவில்லை. மனம் பதைக்கிறது, கை வலையைத் தேடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். முயலை நிறுத்தும் வலைக்குள் எலி தாராளமாக நுழையும். எலியை நிறுத்தும் வலையில் நத்தை ஏறிப் போகும். பறவைக்காகக் கட்டிய வலை பூசணியைக் காய்க்கவிடாமல் செய்துவிடும். வந்தது எது என்று தெரியாமல் கட்டும் எந்த வேலியும் பாதி வேலிதான்.

இதை எனக்குக் கற்பித்தது ஒரு கேரட் பாத்தி. நான்கு பக்கமும் கோழிவலை கட்டி, மேலேயும் மூடி, மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன். தழை செழித்து நின்றது. அறுவடை நாளில் தழையைப் பிடித்து இழுத்தால், நகத்தளவு தலைப்பகுதி மட்டும் கையோடு வந்தது. கிழங்கு இருந்த இடம் வெறும் குழி. வரிசை முழுவதும் அப்படியே. வந்தவை கீழிருந்து வந்திருந்தன. நான் மேலே காவல் வைத்திருந்தேன். அன்றிலிருந்து எதையும் வாங்குவதற்கு முன் உட்கார்ந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். உங்கள் கண்ணில் படும் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ, அங்கிருந்து படியுங்கள். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

எதையும் தொடுவதற்கு முன்

சேதமான செடியைப் பிடுங்கி எறியாதீர்கள். மண்ணைச் சமன்செய்யாதீர்கள். அவைதான் சாட்சி. வெட்டு கத்தியால் சீவியதுபோல இருக்கிறதா, பிய்த்ததுபோல இருக்கிறதா? தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில்? எச்சம், புழுக்கை, சளிக்கோடு ஏதாவது தெரிகிறதா? எந்த நேரத்தில் நடந்தது? கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. பாதி விடை அதில்தான் இருக்கிறது. பொழுது சாயும்போது ஒரு முறை, இருட்டி இரண்டு மணி நேரம் கழித்துக் கைவிளக்கோடு ஒரு முறை, விடிந்தவுடன் ஒரு முறை பாருங்கள். இருட்டில் நடந்திருந்தால் நத்தை, வெட்டுப்புழு, எலி, முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி. அந்தியிலும் விடியலிலும் என்றால் முயலையும் மானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் நடந்தால் பறவை, அணில், குரங்கு.

மூன்று முறை போய்ப் பார்க்க முடியாதவர்கள் பாத்தியைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு மெல்லிய ஈர மணலைப் பரப்பித் தடவி வைக்கலாம். எலியின் முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. மானின் தடம் இரண்டாகப் பிளந்த குளம்பு. நத்தை கடந்த இடம் காலை வெயிலில் மினுங்கும். மணலுக்குப் பதில் மாவைத் தூவாதீர்கள்; அதைத் தின்னவே எலி வரும்.

நாற்று தரைமட்டத்தில் துண்டாகிவிட்டது, அல்லது காணவே இல்லை

துண்டான நாற்று பக்கத்திலேயே கிடந்து வாடுகிறது என்றால் அது வெட்டுப்புழுவின் வேலை. அந்தப் புழு தண்டை அறுத்துச் சாய்த்துவிட்டு, விடிவதற்குள் மண்ணுக்குள் போய்விடும். அடிப்பகுதியைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு, இரண்டு விரற்கடை ஆழம் வரை மண்ணைக் கிளறுங்கள். சாம்பலும் பழுப்பும் கலந்த தடித்த புழு, தொட்டவுடன் வளையமாகச் சுருண்டுகொள்ளும். ஒரு நாற்றின் அடியில் ஒன்றைப் பிடித்தால் வரிசையில் மீதியிருக்கும் நாற்றுகளில் பெரும்பாலானவை தப்பிவிடும். புதிதாக நடும்போது ஒவ்வொரு நாற்றின் கழுத்தைச் சுற்றியும் அட்டைக் குழாய்த் துண்டு ஒன்றை, 2 செ.மீ. மண்ணுக்குள்ளும் 5 செ.மீ. வெளியிலும் இருக்குமாறு நிறுத்துங்கள். தண்டு தடித்ததும் எடுத்துவிடலாம்.

நாற்று முழுதாக, வேரோடு, வாடிய நிலையில் மண்மேல் கிடந்தால் பறவை. பறவை பல நேரம் நாற்றைத் தின்பதற்காகப் பிடுங்குவதில்லை. முளைவிட்ட விதைக்காகவோ அடியிலிருக்கும் புழுவுக்காகவோ இழுக்கிறது. நாற்று ஒரு சாண் வளரும் வரை வலை போதும்.

சாய்வாகச் சீவிய குட்டைத் தண்டு மட்டும் நிற்கிறது, மேற்பகுதி எங்குமே இல்லை என்றால் முயல். பக்கத்தில் உருண்டையான உலர்ந்த புழுக்கைகள் இருக்கும்.

தண்டின் அடி நீர் கோத்து, நூல்போல இளைத்து, நாற்று மடிந்து விழுந்திருந்தால் எந்த விலங்கும் வரவில்லை. அது நாற்றழுகல் என்னும் பூஞ்சை நோய். வலை கட்டிப் பயனில்லை. நெருக்கமாக விதைத்ததும், மாலையில் மேல்மண் நனைய நனைய நீர் ஊற்றியதும்தான் காரணம். நாற்றுகளைக் கலைத்துக் காற்றோட்டம் கொடுங்கள், நீரைக் காலையில் ஊற்றுங்கள்.

இலையில் ஓட்டை

எல்லா ஓட்டைக்கும் மருந்து தேட வேண்டியதில்லை. இலையின் ஓரத்தில் அரைவட்டமாக, கருவியால் வெட்டியதுபோல ஒழுங்காக இருந்தால் அது இலைவெட்டித் தேனீ. தன் கூட்டுக்குச் சுவர் கட்ட எடுத்துப் போகிறது. மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் உயிர் அது. செடிக்கு அந்த இழப்பு ஒரு பொருட்டே அல்ல. அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒழுங்கற்ற ஓட்டையும், அருகில் கரும்பச்சைக் குருணைபோன்ற எச்சமும் தெரிந்தால் கம்பளிப்புழு, இலைப்புழு வகைகள். இலையைத் திருப்பிப் பாருங்கள், கையால் எடுங்கள்.

ஒழுங்கற்ற ஓட்டையோடு மினுங்கும் கோடும் இருந்தால் நத்தை. ஓடுள்ளதும் ஓடில்லாததும் ஒரே முறையில்தான் தின்கின்றன: சொரசொரப்பான நாவால் இலையை உராய்ந்து சுரண்டும். மேட்டுப்பாத்தி இவற்றுக்குத் தோதான வீடு. பலகைக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள ஈர இடுக்கில் பகலைக் கழித்துவிட்டு இரவில் மேலே வரும். இருட்டியபின் கைவிளக்கோடு ஒரு வாரம் தொடர்ந்து பொறுக்குவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. நனைத்த பலகைத் துண்டை மாலையில் மண்மேல் கவிழ்த்து வைத்தால், காலையில் அதன் அடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும். இரும்பு பாஸ்பேட் குருணையும் பயன்படும். மெட்டால்டிஹைடு கலந்த குருணையைத் தவிர்த்துவிடுங்கள். நாய் அதைத் தின்றால் வலிப்பு வந்து இறந்தும் போகலாம். மூடாக்கு (மண்ணை மூடிப் பரப்பும் வைக்கோல், சருகு போன்றவை) போட்ட பாத்தியில் நத்தை பெருகினால், நாற்று சிறிதாக இருக்கும் வாரங்களில் மட்டும் தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் வெறும் மண்ணாக விடுங்கள். மூடாக்கையே கைவிட வேண்டாம்.

தழையும் நுனியும் மேயப்பட்டிருக்கின்றன

இங்கே வெட்டைப் பார்ப்பதுதான் எல்லாம். முயலுக்கு மேலும் கீழும் கூர்மையான முன்பற்கள் உண்டு; அதனால் வெட்டு சாய்வாக, சுத்தமாக இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்களே கிடையாது. கீழ்ப்பற்களால் பற்றி இழுத்துப் பிய்க்கும். தண்டின் முனை நார் நாராகக் கிழிந்து நிற்கும். உயரமும் துணை செய்யும். முழங்காலுக்குக் கீழே மட்டும் சேதம் என்றால் முயல். இடுப்பளவும் அதற்கு மேலும் போயிருந்தால் மான்.

முயலுக்கு வேலி எளிது. 25 மி.மீ. கண்ணுக்கு மிகாத வலை, தரைக்கு மேல் 60 செ.மீ. உயரம், காட்டுமுயல் உள்ள இடத்தில் 90. அடிப்பகுதியை 15 செ.மீ. ஆழம் புதைக்க வேண்டும், அல்லது வெளிப்புறமாக 30 செ.மீ. மடித்துத் தரையில் படுக்கவைத்து மண்போட வேண்டும். இந்த மடிப்பை விட்டுவிட்டுத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முயல் வேலியின் அடியில் வந்துதான் தோண்டும். மடிப்பின்மேல் நின்றுகொண்டு தோண்ட முடியாது, இரண்டடி பின்னால் போய்த் தோண்டவும் அதற்குத் தோன்றாது. பாத்தியின் பலகை உயரத்தையும் கணக்கில் சேர்க்கலாம்: 40 செ.மீ. பலகையின் மேல் 20 செ.மீ. வலை, காட்டுமுயல் உள்ள இடத்தில் 50 செ.மீ. வலை நட்டால் போதும்.

மானுக்குத் திறந்த வெளியில் 2.4 மீட்டர் உயரம் வேண்டும். அதற்குக் குறைந்ததை அது தாண்டும். ஒன்றிரண்டு பாத்திகள் மட்டும் வைத்திருப்பவர் அந்தச் செலவில் இறங்க வேண்டியதில்லை. இறங்க இடமில்லாத குறுகலான அடைப்புக்குள் மான் குதிக்கத் தயங்கும். பாத்திக்கு மேல் வளைவுக் குழாய் நட்டு முழுதாக மூடிவிட்டால் உயரக் கணக்கே வேண்டாம்.

மண்ணை உழுததுபோலப் புரட்டி, பலகையையே சாய்த்துப் போட்டிருந்தால் காட்டுப்பன்றி. மெல்லிய வலை அதன் முன் நிற்காது. தரையோடு இறுக்கி அடித்த கனமான கம்பிவலைதான் தாங்கும். மின்வேலி போடுவதென்றால் அதற்கென்று தயாரித்த, விட்டு விட்டுத் துடிப்பு அனுப்பும் கருவியை மட்டுமே, சட்டம் அனுமதிக்கும் இடத்தில் மட்டுமே பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் இணைப்பது கொலை. பன்றிக்காக இழுத்த கம்பியில் மனிதர்களும் யானைகளும் செத்திருக்கிறார்கள். எந்தக் காய்கறியும் அந்த விலை பெறாது.

கிழங்கைக் காணவில்லை, மண்ணில் வளை தெரிகிறது

முதலில் வளையின் வாயை அளந்து பாருங்கள். 6 முதல் 9 செ.மீ. அகலம், ஓரம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது என்றால் எலி. வாயில் குவியலாகப் புதுமண் தள்ளியிருந்தால் பெருச்சாளியாக இருக்கலாம். புழுக்கை அரிசியளவு என்றால் சுண்டெலி. அதைவிடப் பெரிதாக, கதிர்போல இருமுனையும் குறுகி ஒரு செ.மீ.க்கு மேல் நீண்டிருந்தால் எலி. தின்ற கிழங்கில் இணையான இரண்டு பல்தடம் தெரியும். மண்ணின் மேல்மட்டத்தில் மேடாக ஓடும் சுரங்கம் மட்டும் இருந்து, கிழங்கு கடிபடாமல் இருந்தால் அது அகழெலி. அது மண்புழுவையும் பூச்சியையும் தின்பது, கிழங்கைத் தொடுவதில்லை. வேர் அந்தரத்தில் நின்று வாடினால் மண்ணை மிதித்து அழுத்தி நீர் ஊற்றுங்கள், அவ்வளவுதான்.

வளை இப்போதும் பயன்பாட்டில் உள்ளதா என்று பார்க்க, கசக்கிய காகிதத்தைத் தளர்வாக வாயில் அடையுங்கள். இரண்டு நாளில் வெளியே தள்ளப்பட்டிருந்தால் உள்ளே ஆள் உண்டு. தவளையும் தேரையும்கூடப் பழைய வளையில் தங்கும். சரிபார்க்காமல் மண் கொட்டி மூடிவிடாதீர்கள்.

நிலையான தீர்வு அடித்தளம்தான். பாத்தியை மண் நிரப்புவதற்கு முன்பே, சட்டத்தின் அடியில் துத்தநாகம் பூசிய பற்றவைப்புக் கம்பிவலையை, கடைக்காரர்கள் வெல்டு மெஷ் என்பார்களே அதை, பக்கச் சுவரின்மேல் சற்று ஏறுமாறு விரித்து ஆணியடிக்க வேண்டும். 12 மி.மீ. கண் வளர்ந்த எலியை நிறுத்தும். சுண்டெலியும் எலிக்குஞ்சும் உள்ள இடத்துக்கு 6 மி.மீ. வேண்டும், ஒரு பென்சில் நுழையும் இடைவெளியில் சுண்டெலி நுழைந்துவிடும். என் கேரட்டைக் காக்காத கோழிவலைக்குக் கண் 25 மி.மீ.; மெல்லிய கம்பி சில ஆண்டுகளில் மண்ணுக்குள் துருப்பிடித்து இற்றும் போய்விடும். கம்பி வழியே நீரும் வேரும் மண்புழுவும் தடையின்றிப் போய்வரும். அதனால் வடிகாலைப் பற்றிய அச்சம் வேண்டாம்.

ஏற்கெனவே நிரம்பிய பாத்தி என்றால் மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம், 30 செ.மீ. ஆழமுள்ள பாத்தியில் சுமார் 860 லிட்டர் மண் இருக்கிறது. அதை வெளியே அள்ளித்தான் வலை விரிக்க வேண்டும். ஒரு பயிர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் செய்யுங்கள். சுற்றிலும் பள்ளம் வெட்டி வலையைச் செங்குத்தாகப் புதைக்கும் குறுக்குவழியை நானும் முயன்றேன். உள்ளே ஏற்கெனவே குடியிருந்த எலியைத்தான் அடைத்து வைத்தேன். குடியிருப்பதை முதலில் வெளியேற்றாமல் அது பலிக்காது.

எலி எந்தப் பாத்தியை விரும்புகிறது என்பதையும் கவனியுங்கள். நீரின்றி உலர்ந்து பொலபொலத்த பாத்தி, அடியில் மரக்கட்டைகளைப் போட்டு நிரப்பிய பாத்தி, பக்கத்தில் குவித்த கற்களும் பலகைகளும், சமையற்கழிவு மேலோட்டமாகப் புதைத்த மண், இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். மண்ணைச் சீராக ஈரமாக வைப்பதே பாதி விரட்டல். கட்டை நிரப்புவதென்றால் இடுக்குகளில் மண்ணைத் திணித்து, நீர் ஊற்றி இறுக்கி, வெற்றிடம் இல்லாமல் செய்யுங்கள்.

பொறி வைக்கிறீர்கள் என்றால், எலி புதிய பொருளைக் கண்டு ஒதுங்கும் இயல்புடையது என்பதை நினைவில் வையுங்கள். நான்கைந்து நாள் பொறியை விசை ஏற்றாமல் இரையோடு வைத்துப் பழக்கி, பிறகு ஏற்றுங்கள். பறவை சிக்காதபடி பெட்டிக்குள் வைப்பது கட்டாயம். எலி நஞ்சைத் தோட்டத்தில் வைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் பாம்பும் பூனையும் அந்த நஞ்சை வாங்கிக்கொள்கின்றன. எலியைக் கட்டுப்படுத்தும் உயிர்களையே கொன்றுவிட்டால் அடுத்த ஆண்டு எலி இன்னும் பெருகும்.

ஒரு எச்சரிக்கை உடல்நலம் பற்றியது. எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். எலி நடமாடிய மண்ணைக் கையுறை இல்லாமல் கிளறாதீர்கள், கடிபட்ட காயைக் கடிபடாத பக்கத்தை அறுத்துச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள்.

மண் கிளறப்பட்டிருக்கிறது, செடியை எதுவும் தின்னவில்லை

புதிதாக விதைத்த, பொடியான, ஈரமான மண்ணைப் பூனை கழிப்பிடமாக்கிக்கொள்ளும். குழி மூடியிருக்கும், நாற்றம் சொல்லிவிடும். பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருக்கலாம். கருவுற்ற பெண்கள் அந்த மண்ணைத் தொடவே வேண்டாம். விதைத்தவுடன் கம்பிவலையை மண்மேல் படுக்கவைத்துவிடுங்கள். முளை கண்களின் வழியே மேலே வரும், பூனைக்குத் தோண்ட இடம் இருக்காது. முளை ஒரு சாண் ஆவதற்குள் வலையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இலையோடு பிய்ந்து வரும்.

சின்னச் சின்னக் குழிகளாக, பகலில் என்றால் அணில் எதையோ புதைக்கிறது, அல்லது புதைத்ததைத் தேடுகிறது. மூடாக்கு முழுவதையும் பாத்திக்கு வெளியே வாரி இறைத்திருந்தால் பறவை புழு தேடியிருக்கிறது. எலும்புத்தூளோ மீன் உரமோ பிண்ணாக்கோ போட்ட மறுநாள் இரவே ஆழமாகத் தோண்டியிருந்தால் காரணம் உங்கள் உரம்தான். மோப்பம் பிடித்து விலங்குகள் வந்திருக்கின்றன. அந்த உரங்களை ஊறவைத்து நீர்த்த கரைசலாகக் கொடுங்கள்.

பழுத்த காய் கடிபட்டிருக்கிறது

கூம்பு வடிவில் குத்திய ஓட்டை, செடியிலேயே தொங்கும் தக்காளி என்றால் பறவை. வறண்ட நாட்களில் அவை நீருக்காகவும் கொத்தும். பாத்தியிலிருந்து தள்ளி ஒரு தட்டில் நீர் வைத்தால் சேதம் குறைவதுண்டு. ஒரே ஒரு கடியோடு காய் வேறெங்கோ கிடந்தால் அணில் அல்லது குரங்கு. இரவில், தரைக்கு அருகிலுள்ள காய் குடையப்பட்டுப் பல்தடம் தெரிந்தால் எலி. சிறிய வட்டத் துளை, அறுத்துப் பார்த்தால் உள்ளே ஈரமான கழிவும் புழுவும் என்றால் காய்ப்புழு. வலைக் கணக்கில் அது சேராது. தக்காளியின் அடிப்பகுதி கருத்துத் தோல்போலக் குழிந்திருந்தால் எதுவும் கடிக்கவில்லை. காய்க்குச் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) போதவில்லை. அந்தச் சத்து நீரோடுதான் காய்க்குப் போய்ச்சேரும். நீர் ஒரு நாள் அதிகம், மூன்று நாள் இல்லை என்றானால் காயின் நுனிக்கு அது எட்டாது. முட்டை ஓட்டைத் தூவுவதைவிட நீரைச் சீராக்குங்கள்.

பறவை, அணில், குரங்கு மூன்றுக்கும் பொதுவான எளிய வழி ஒன்று உண்டு. தக்காளியில் முதல் நிறமாற்றம் தெரிந்ததும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். அந்தக் கட்டத்துக்குப் பிறகு செடியில் தொங்கவிடுவதால் பெரிதாகக் கிடைப்பது ஒன்றுமில்லை, இழப்பதற்குத்தான் நிறைய. வலை கட்டுவதென்றால் அது காயின்மேல் படியக் கூடாது, ஒரு சாண் விலகி நிற்க வேண்டும். படிந்த வலையின் வழியே கொத்துவது பறவைக்குக் கடினமல்ல. குரங்குக்கு மென்வலை பயன்படாது. கூரையோடு கூடிய கம்பிக்கூண்டு வேண்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் போதாது, பூட்டும் வேண்டும்.

விரட்டிகள் முதலில் வேலை செய்தன, இப்போது எதுவும் அஞ்சுவதில்லை

மினுங்கும் நாடா, பொம்மை ஆந்தை, பழைய குறுந்தகடு எல்லாவற்றுக்கும் ஆயுள் சில நாட்கள் அல்லது சில வாரங்கள். தீங்கு செய்யாது என்று தெரிந்தவுடன் விலங்குகள் பொருட்படுத்துவதில்லை. இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் நீளும். காய் முற்றும் பத்து நாளைக்கு மட்டும் கட்டுவது புத்திசாலித்தனம். அசைவை உணர்ந்து நீர் பீய்ச்சும் கருவி இவற்றைவிட நெடுநாள் பயன்படுகிறது.

மிளகாய்க் கரைசல் பற்றிப் பலரும் குழம்புகிறார்கள். காரத்துக்குக் காரணமான காப்சைசின் பாலூட்டிகளுக்கு எரியும்; பறவைகளின் நரம்பில் அதை உணரும் ஏற்பி வேறு அமைப்புடையது, அவற்றுக்கு உறைக்கவே உறைக்காது. காட்டுமிளகாயின் விதை பரவுவதே பறவைகளால்தான். ஆகவே அணிலுக்கும் முயலுக்கும் தெளித்துப் பாருங்கள், மழை பெய்தால் மீண்டும் தெளியுங்கள். பறவைக்குத் தெளிப்பது வீண்.

எந்த விலங்கும் வரவில்லை, ஆனாலும் செடி தேறவில்லை

வேலி பலமான பிறகு பலருக்கும் மிஞ்சும் சிக்கல் இது. தினமும் நீர் ஊற்றியும் செடி வாடுகிறதா? ஊற்றிய அரை மணி கழித்து ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். மேல்மண் நனைந்து, கீழே தூசியாக இருக்கலாம். மட்கு, அதாவது மட்கிய உரம், ஒரு முறை முற்றாகக் காய்ந்தால் நீரை எளிதில் ஏற்காது. மண் சுருங்கிப் பலகையை விட்டு விலகும், ஊற்றுவதெல்லாம் அந்த இடைவெளி வழியே ஓடிவிடும். கொஞ்சமாக ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஊற்றுவதை நான்கைந்து முறை செய்தால் மண் மீண்டும் குடிக்கத் தொடங்கும். பிறகு 5 செ.மீ. மூடாக்கு. தோண்டும்போது மெல்லிய வேர்கள் பாய்போலப் பின்னிக் கிடந்தால், அவை பக்கத்து மரத்தின் வேர்கள். நல்ல மண்ணையும் நீரையும் தேடிக் கீழிருந்து ஏறியிருக்கின்றன. ஆண்டுக்கொரு முறை அவற்றை வெட்டி எடுக்கலாம். நிலையான தீர்வு பாத்தியை மரத்திலிருந்து தள்ளி அமைப்பதுதான்.

அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, செடி குட்டையாக நிற்கிறது என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. மட்காத மரத்தூளையோ மரச்சீவலையோ மண்ணோடு கலந்திருந்தால், அதை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். மரச்சீவலை மேலே மட்டும் போடுங்கள், உள்ளே கலக்காதீர்கள்.

தக்காளியிலும் அவரையிலும் புதுத்தளிர் மட்டும் கிண்ணம்போல மடங்கி, இழை இழையாக முறுக்கிக்கொண்டு வருகிறது, அதே பாத்தியில் சோளம் நன்றாக நிற்கிறது என்றால் நோய் என்று முடிவுகட்டுவதற்கு முன் தொழுவுரத்தைச் சந்தேகியுங்கள். அமினோபைராலிட் போன்ற களைக்கொல்லி தெளித்த புல்லை மாடு தின்றால், அது சாணம் வழியாக, மட்கிய உரம் வரை சிதையாமல் வந்து சேரும். புது உரம் எது வந்தாலும் இரண்டு தொட்டியில் மண்ணோடு கலந்து அவரை விதைத்து மூன்று வாரம் பாருங்கள். தளிர் நேராக வந்தால் பாத்தியில் போடலாம்.

மண்மட்டம் ஆண்டுதோறும் இறங்குவது பிழையல்ல. மட்கு கரைகிறது. விதைப்புக்கு முன் 3 முதல் 5 செ.மீ. புது மட்கு சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

வலை போட்டபின் பூ பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

பூசணி, சுரை, பாகல், வெள்ளரி வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. தேனீ நுழையாத வலைக்குள் பெண் பூவின் அடியிலிருக்கும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். பூக்கும் காலம் முழுவதும் காலையில் வலையைத் தூக்கிவிட்டு மாலையில் இறக்குங்கள். விலங்குத் தொல்லையால் தூக்கவே முடியாத இடத்தில், பூ விரிந்திருக்கும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டுப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பூசணியில் அதை விடியற்காலையில் செய்ய வேண்டும். சுரை மாலையில்தான் விரியும். தக்காளிக்கும் அவரைக்கும் இந்தக் கவலை இல்லை. தம் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும்.

வலையில் ஓர் உயிர் சிக்கியிருக்கிறது

இதைக் கடைசியில் எழுதினாலும், இதற்காகத்தான் பாத்தியை நாள்தோறும் இருமுறை சுற்றிவருகிறேன். தளர்வாகத் தொங்கும் மெல்லிய நைலான் வலையில் பாம்பும் பறவையும் ஓணானும் வௌவாலும் சிக்குகின்றன. முண்ட முண்ட நூல் தசையை அறுக்கிறது. உங்கள் சுண்டுவிரல் வலைக்கண்ணில் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் அந்த வலை ஆபத்தானது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண், இழுத்துப் பிடித்த நிலையில் 5 மி.மீ.க்கு மிகக் கூடாது என்று 2021 முதல் சட்டமே இருக்கிறது. அந்த அளவை எங்கும் பின்பற்றலாம். வெள்ளை வலை இருட்டிலும் விலங்கின் கண்ணுக்குத் தெரியும். வளைவுக் குழாய்மேல் முரசுத்தோல்போல இறுக்கிக் கட்டி, அடியைப் பலகையோடு இடைவெளியின்றி அடைத்துவிடுங்கள்.

பறவை சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள். மெல்லிய துணியால் தலையை மூடினால் அது அடங்கும். முனை மழுங்கிய கத்தரிக்கோலால், உடலைச் சுற்றி இறுகிய நூலை முதலில் வெட்டாமல், வெளிவலையை வெட்டி உயிரைத் தனியாகப் பிரித்தெடுங்கள். பிறகு உள்நூல்களை ஒவ்வொன்றாக. பாம்பு என்றால் நீங்கள் தொடவே வேண்டாம். விலகி நின்று, நாயையும் குழந்தைகளையும் தள்ளி வைத்து, பாம்பு மீட்பில் பயிற்சி பெற்றவரை அழையுங்கள். அவர் வரும்வரை வெயில் நேராகப் படாதபடி தூரத்திலிருந்தே ஓர் அட்டையைச் சாய்த்து நிழல் கொடுக்கலாம். மீட்டபின் அந்த வலையை மடித்து வைத்துவிடாதீர்கள். அன்றே துண்டு துண்டாக வெட்டி அப்புறப்படுத்துங்கள்.